தலைப்பு இல்லாத செலவு

பாசலில் மழை. ரைன் கலங்கிப் போகிறது.
நான்காம் மாடியில் நாங்கள் ஐந்து பேர்,
மேசைமேல் அறுபத்து மூன்று விண்ணப்பங்கள்.
ஏழுக்குத்தான் பணம்.

அறிவியலுக்கு அறம் கற்பிக்கும் நிதியம் என்று
எங்கள் வாசலில் பித்தளையில் பொறித்திருக்கிறது.
அதைத் துடைத்துப் பளபளப்பாக்க
மணிக்கு இவ்வளவு என
ஒரு செலவுத் தலைப்பு உண்டு.

நாற்பத்தொன்றாவது, செமெய் நகரத்திலிருந்து.
கசாக் புல்வெளி, இர்த்திஷ் நதிக்கரை.
ரவ்ஷான் ஜூமாகெல்தினா, இயற்பியல் விரிவுரையாளர்.
கேட்டது பன்னிரண்டு மாலைகள், ஓர் அறை,
ஒரு நாளைக்குப் பேருந்துச் செலவு.
'எதிர்பார்க்கும் விளைவு, எண்களில்'
என்ற கட்டத்தில் எண் இல்லை.
'நடக்காமல் போகும் ஒரு சோதனை'
என்று எழுதியிருந்தார்.

ஸ்டுக்கி கண்ணாடியைக் கழற்றினார்:
நடக்காததை எப்படித் தணிக்கை செய்வது?
நியாயமான கேள்விதான்.
எரியாத வீட்டைக் காட்டி
எந்தத் தீயணைப்புக்காரன் பதக்கம் வாங்கினான்?
சிரித்தோம்.
நானும்தான்.

அறுபத்தொரு மதிப்பெண். எழுபது வேண்டும்.
தொண்ணூற்றிரண்டு வாங்கியது
கூட்டத்தில் முகங்களை எண்ணும் கேமரா செய்கிற ஒரு நிறுவனம்.
மனசாட்சிக்கென்று தனி மாடி எழுப்புகிறார்களாம்.
பாதிப் பணம் அவர்களுடையது, பாதி எங்களுடையது.
மனசாட்சி யாருடையது என்று
எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

செமெய்க்குப் போன கடிதத்தில் என் பெயர்.
'மிகுந்த வருத்தத்துடன்' என்பது
அச்சிலேயே இருக்கும்.
நான் சேர்ப்பது தேதி மட்டும்.

மார்ச் மாதம் ஓர் உறை வந்தது.

வகுப்பு நடந்துவிட்டது, என்று எழுதியிருந்தார் ரவ்ஷான்.
கொதிகலனுக்கு மேல் இருக்கிற அறை,
கல்லூரி கொடுத்தது அதைத்தான்,
குளிருக்கு அதுவே நல்லதாய்ப் போயிற்று.
ஆறாம் மாலை
ஆடு மேய்க்கிற சேய்த்பெக் வந்தார்,
பேருந்தில் நான்கு மணி நேரம்,
தொப்பியைக் கழற்றாமல் பேசினார்.

எட்டு வயதில் பள்ளத்தில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள்.
தலையைத் தூக்கினேன், பையன்தானே.
வானத்தில் கண்டது என்னவென்று
அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
சொன்னதெல்லாம்
பிறகு வந்த மருத்துவர்களைப் பற்றி.
வெள்ளைக் கோட்டு, நல்ல சிரிப்பு, பையில் மிட்டாய்.
வருஷம் தவறாமல் ரத்தம் எடுத்தார்கள்,
உயரம் பார்த்தார்கள்,
தங்கையின் கழுத்து வீக்கத்தை
நாடா சுற்றி அளந்தார்கள்.
ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்கள்.
ஒரு வரி
எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை.

கடைசி வரிசையில் மெருயெர்த், பத்தொன்பது வயது,
கதிரியக்க வேதியியல் படிக்கப் போகிறவள்,
கை தூக்காமலே கேட்டாளாம்:
அந்த மருத்துவர்களுக்குப் பாடம் நடத்தியது யார்?
நாடா பிடிக்கக் கற்ற அன்று
வகுப்பில் வேறென்ன நடந்தது?

பதில் தெரியாமல் நான்
தேநீர் ஊற்றப் போய்விட்டேன்
என்று எழுதியிருந்தார் ரவ்ஷான்.

கீழே கணக்கு:
சுண்ணக்கட்டி, ரொட்டி, தேயிலை, சர்க்கரை,
சேய்த்பெக் வந்துபோன பேருந்து.
மொத்தம் பதினாலாயிரத்து அறுநூறு தெங்கே.
எங்கள் கூட்டத்தில் வெட்டிய கேக்
இதைவிட அதிகம்,
அதிலும் பாதி மிச்சம்.
'பணம் கேட்கவில்லை.
உங்கள் கோப்பில் இருக்கட்டும்.'

எந்தக் கோப்பில்?
ஏற்றவை, மறுத்தவை, நிலுவை,
மூன்று அலமாரிதான் இங்கே.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்றார் ஸ்டுக்கி.
உண்மையிலேயே உதவத்தான் கேட்டார்,
நல்ல மனிதர்,
பேனாகூட நீட்டினார்.

ரசீதின் அடியில்
'பெற்றுக்கொண்டவர்' என்று ஒரு கோடு.
ரவ்ஷான் அதை நிரப்பாமல் விட்டிருந்தார்.
மறந்திருப்பார் என்று முதலில் நினைத்தேன்.
மழை நிற்கிறவரை வைத்துக்கொண்டிருந்துவிட்டு
அந்தக் கோட்டின்மேல்
என் பெயரை எழுதினேன்.